பெயர் எழுதாத கசெற்

உலகத்தில் எந்தப் பாட்டையும் சும்மா ஓட விடாத ஒரே மனிதர் எங்கள் சரவணைப் பொழிப்பர்தான். பிள்ளைகளே, சரவணை அவருடைய ஊர், பொழிப்பர் என்பது பொழிப்புரை சொல்லிச் சொல்லி வந்த பட்டம்; சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது. றேடியோவும் கசெற் போடும் ரேப் ரெக்கோடரும் திருத்துவது தொழில். திருத்தியதில் பாட்டு வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பொருள் சொல்லத் தொடங்குவார். பொருள் முடியும்போது பாட்டும் முடிந்திருக்கும். ஒருமுறை தாலாட்டுக்குப் பொருள் சொல்லி, தூங்கிய குழந்தையையே எழுப்பிவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சமாதானப் பாட்டு எங்கள் தீவுகளெல்லாம் பரவியது. சைவக் கோயிலிலும் போட்டார்கள், மாதா கோயிலிலும் போட்டார்கள். "எந்த விளக்கானால் என்ன, இருட்டுப் போனால் போதும்" என்று அதில் ஒரு வரி. பொழிப்பருக்கு அது ஒன்றே ஆறு மாதத்துக்குப் போதுமாயிருந்தது.

நயினாதீவு ஐயரிடம், "உது அம்மன்ர தூண்டாமணி விளக்கு ஐயா. வேற என்ன விளக்குக் கிடக்கு?" என்றார். கருவாடு விற்கும் மரியம்மா அக்காவிடம், "பீடத்தில எரியிற மெழுகுதிரியைத்தான் பாடியிருக்கு, பிள்ளை" என்றார். நான் அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டு, கடவுள் இல்லை என்று சொல்லித் திரிந்தவன். என் காதுக்குள், "தம்பி, விளக்கு எண்டது அறிவு. இருட்டு எண்டது சமயம். வெளியில சொல்லிப்போடாதையும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. யாரோடு பேசினாரோ, அந்த நேரத்தில் அதையே முழுதாக நம்பினார். அதனால்தான் அந்தப் பாட்டைப் பதிந்து வைத்திருந்த கசெற்றில் என்ன பெயர் எழுதுவது என்று அவரால் முடிவெடுக்க ஏலாமல் போயிற்று.

ஒருநாள் காலை நாங்கள் நால்வரும் குறிகாட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்துக்கு வரிசையில் நின்றோம். கடற்படையின் சோதனையில், பொழிப்பரின் பைக்குள் பெயரில்லாத அந்தக் கசெற் அகப்பட்டது. பிள்ளைகளே, அப்படி அகப்பட்டுக் கூட்டிப்போகப்பட்டவர்களில் பலர் திரும்பி வராத காலம் அது.

ஐயர் வீட்டுக்குத் திருத்திக் கொண்டுபோன ரெக்கோடரிலேயே அதிகாரி பாட்டைப் போட்டுக் கேட்டார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். பொழிப்பரை வாய் திறக்கவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "பாட்டு என்ன சொல்லுது?" என்று விசாரித்தார்.

ஐயர் அம்மன் விளக்கு என்றார். மரியம்மா அக்கா மெழுகுதிரி என்றார். நான் அறிவு என்றேன்.

"ஒரு பாட்டு, மூண்டு கதை," என்றார் அதிகாரி. "இது ரகசிய பாஷை. விளக்கு, கடலில சிக்னல். இருட்டு யார்? நாங்களா?"

நாலாவது பொழிப்பு! பயத்தில் வெளிறிய பொழிப்பரின் முகத்தில் ஒரு கணம் பாராட்டும் வந்து போனதை நான் கண்டேன்.

"நீ சொல்லு. எது சரி?"

எதைச் சொன்னாலும் எங்களில் இருவர் பொய்யராகிவிடுவோம். பொழிப்பர் எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரியாது, ஐயா."

"தெரியாது? பிறகு ஏன் கேக்கிறது?"

"என்ர மனிசி செத்துப்போச்சு. கரண்ட் இல்லாத வீடு. பொழுதுபட்டால் பற்றறியில இதைப் போடுவன், கொஞ்சம் பயமில்லாமல் கிடக்கும். இவையளுக்குப் பொருள் சொன்னது நான்தான். ஆக்களோட கதைக்கிற ஆசையில சொன்னனான். அவையளில பிழை இல்லை."

அதிகாரி பாட்டை இன்னொருமுறை முழுதாகக் கேட்டார். எனக்கு அது நாலு வருஷமாக இருந்தது. பிறகு கசெற்றை எடுத்துப் பொழிப்பருடைய பைக்குள் போட்டார்.

"போ. பேர் எழுதி வை."

வள்ளம் கரையை விட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மரியம்மா அக்கா வெறும் ஓலைக் கடகத்தால் பொழிப்பர் முதுகில் ஒன்று போட்டார்.

"நாசமாப் போவாரே, எனக்கு மெழுகுதிரி, ஐயருக்குத் தூண்டாமணியோ?"

ஐயர் சிரித்த சிரிப்பில் வள்ளமே ஆடியது. பொழிப்பர் மட்டும் ரெக்கோடரின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். நடுக்கடல் வந்ததும் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அந்த மனுசன் எங்களை விட்டதெல்லோ, அதுக்குள்ள ஒரு பொருள் கிடக்கு..."

"சொல்லுங்கோ அண்ணை!" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டோம். அவர் பேச்சைக் கேட்க நாங்களாக ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

கரண்ட் போகும்போதெல்லாம் அப்பா நான் முணுமுணுக்கிற பாட்டு என்ன என்று கேட்டீர்கள். இதுதான். பொருளை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லப் பொழிப்பர் வேண்டும்.