சூடா, அதிர்வா?

கறம்பக்குடிக்கு அங்கிட்டு இருக்கும் ஒரு பேரூராட்சியில் குடிநீர் மோட்டார் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பேரிங் தேய்ந்துவிட்டது என்பது காது உள்ள எல்லாருக்கும் தெரிந்தது. உதவிப் பொறியாளர் பிரகதீஸ்வரிக்கும் காது இருந்தபடியால், புது பேரிங் கேட்டு செயல் அலுவலர் அரவிந்த்குமார் முன்னால் போய் நின்றாள்.

"பேரிங்தான்னு எப்படிம்மா முடிவு பண்ணுனீங்க?"

"சத்தம் கேக்குதுங்க சார்."

"காது அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லையேம்மா."

அவர் அப்போதுதான் சென்னையில் ஒரு பயிற்சி முகாம் முடித்துத் திரும்பியிருந்தார். கெட்ட பிறகு பழுது பார்ப்பது கற்காலப் பழக்கம், கெடப்போவதைக் கருவி வைத்துக் கண்டுபிடிப்பதே நாகரிகம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவை வாங்குவதா, அதிர்வை அளக்கும் கருவியை வாங்குவதா என்று தீர்மானிக்க, உயர்மட்டத் தொழில்நுட்பத் தெரிவுக் குழு அமைக்கப்பட்டது. அதுவரை மோட்டாரை யாரும் தொடலாகாது என்று உத்தரவு. தொட்டுச் சரியாகிவிட்டால் கருவிகளைச் சோதிக்கப் பழுதுக்கு எங்கே போவது?

கேமராக்காரர் கத்திரி வெயிலில் வந்தார். படத்தில் மோட்டார் சிவப்பாகத் தெரிந்தது. தகரக் கூரையும் சிவப்பு. எல்லாவற்றையும்விடச் சிவந்திருந்தது செயல் அலுவலரின் வழுக்கை. அதைக் குழு குறிப்பில் ஏற்றவில்லை.

அதிர்வுக்காரர் வேறு மாதிரி சொன்னார். மோட்டார் நன்றாக இருந்தபோது எவ்வளவு ஆடியது என்று தெரிந்தால்தான் இப்போது ஆடுவது கூடுதலா என்று சொல்ல முடியுமாம்.

பிரகதீஸ்வரிக்குப் போன உயிர் திரும்பியது. "அப்ப பேரிங்கை மாத்தி நல்லாக்கிட்டு அளந்துரலாம் சார்."

"மாத்துறதுக்குக் கருவியோட அறிக்கை வேணுமேம்மா," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

இதற்குள் ஊரும் இரண்டாகிவிட்டது. கண்ணால் காண்பதே மெய் என்று கவுன்சிலர் சிவசாமி சூட்டுக் கட்சி கட்டினார். நாடி பிடிக்காத வைத்தியம் உண்டா என்று கவுன்சிலர் மூக்காயி அதிர்வுக் கட்சி கட்டினார். டீக்கடையில் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் மோட்டார் இறுகி நின்றுபோனது. குழு விரைந்து வந்து ஆய்வு செய்தது. சூடு இல்லை, அதிர்வும் இல்லை. மாவட்டத்திலேயே இவ்வளவு நல்ல நிலையில் ஒரு மோட்டாரைக் கண்டதில்லை என்று ஒருமனதாகப் பாராட்டிவிட்டுப் போனது.

குழாயில் காற்று வந்தது. ஜனங்கள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டை மறித்தார்கள். இனியாவது பேரிங் வந்துவிடும் என்று பிரகதீஸ்வரி நம்பிக்கையோடு ஓடினாள். ரோட்டின் இங்கிட்டு இருந்தவர்கள் கேமரா வேண்டும் என்று கோஷம் போட்டார்கள், அங்கிட்டு இருந்தவர்கள் அதிர்வுக் கருவி வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். பேரிங்கை யாருமே கேட்கவில்லை.

மறுநாள் இரண்டு கவுன்சிலர்களும் அவரவர் கட்சிக்காரர்களுக்கு மட்டும் தண்ணீர் லாரி வரவழைத்தார்கள். பிரகதீஸ்வரியின் வீட்டிலும் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு லாரிகளும் நின்ற இடத்துக்குக் குடத்தோடு வந்து நின்றாள்.

"நீங்க எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார் லாரிக்காரர்.

பேரிங் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் இரண்டு வரிசைகளையும் ஒரு தரம் பார்த்தாள்.

"அதிர்வு," என்றாள். அந்த வரிசைதான் சின்னதாக இருந்தது.