கை நனைத்த விவரம்

அருப்புக்கோட்டை,
விசுவாவசு வருஷம், ஆனி 22.

மெட்ராஸ் பட்டணத்தில் சகல மரியாதையோடும் வாழ்கிற மைத்துனர் சுப்புராஜ் அவர்களுக்கு, மிளகாய் வத்தல் வியாபாரம் தனுஷ்கோடி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை கோகிலாம்பாளும் மகள் கஸ்தூரியும் திருமேனிநாதர் புண்ணியத்தில் சுகம். சுகம் என்பது வழக்கத்துக்காக எழுதியது. மூன்று நாளாக வீட்டில் அடுப்பு எரிகிறதே தவிர யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

விஷயம் என்னவென்றால், கஸ்தூரிக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை அருஞ்சுனை குமாஸ்தாவாக இருக்கிற குண்டாறு வர்த்தக பாங்கியை, உங்கள் ஊர்ப் பெரிய பாங்கி ஒன்று எடுத்துக்கொள்ளப் போகிறதாம். எப்படி எடுத்துக்கொண்டு போவார்கள், பாங்கி இருப்பது வாடகை மாடியல்லவா என்று கேட்டேன். போர்டை மட்டும் மாற்றுவார்களாம், வேண்டிய ஆட்களை வைத்துக்கொண்டு வேண்டாதவர்களை அனுப்பிவிடுவார்களாம். வேண்டியவர் என்றால் யாருக்கு வேண்டியவர் என்பதில்தான் ஊர் ரெண்டுபட்டுக் கிடக்கிறது. யாரோ ஒரு மந்திரி தூத்துக்குடி போகிற வழியில் பந்தல்குடியில் இறங்கிக் கலர் குடித்தாராம், பக்கத்தில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெரிய பாங்கியின் டைரக்டராம், கலர் காலியாவதற்குள் நம் பாங்கி கைமாறிவிட்டதாம். அதெல்லாம் இல்லை, நம் பாங்கியே ஏற்கெனவே கட்சிக்காரர்கள் கையில்தான் இருந்தது, நரிக்குடியில் சைக்கிள்கூட இல்லாத ஒருவருக்கு லாரி லோன் கிடைத்திருக்கிறது, அவர் தோளில் கிடக்கும் துண்டைப் பார் என்கிறார்கள் இன்னும் சிலர். எது நிஜமோ தெரியாது. நான் இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவரின் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறேன்.

இந்த நிலைமையில் போன வாரம் பெரிய பாங்கியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்து பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் தங்கினார். பம்பாயில் பிறந்து வளர்ந்தவராம். தமிழ் பேசுகிறார், பரீட்சைக்குப் படித்த மாதிரி. இணைப்புக்கு முன்னால் பாங்கியில் கட்சிக்காரர் தலையீடு உண்டா என்று பார்க்க வந்தவராம். எனக்கு அது அப்போது தெரியாது. குமாஸ்தாக்களின் குடும்பம் எப்படி என்று விசாரிக்கிறார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நானும் அங்கே கணக்கு வைத்திருப்பதால் கடைக்கே வந்துவிட்டார். வத்தல் நெடிக்குத் தும்மிக்கொண்டே, "இந்த பாங்கியோடு உங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே!

"சம்பந்தம் பேசி முடிச்சாச்சு சார். ஆவணியில நடக்குது" என்றேன்.

"முடித்து வைத்தது யார்?"

"சங்கரபாண்டியன் அண்ணாச்சிதான். பேங்கு டைரக்டருல ஒருத்தரு, கட்சியிலயும் பெரிய ஆளு. அவுக முன்னால நிக்கலைன்னா இது நடந்தே இருக்காது சார்."

இன்ஸ்பெக்டர் தும்மலை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். "அவருக்கு இதில் என்ன கிடைத்தது?"

"அவுகளுக்கு என்ன சார் கொறை? நல்ல காரியம்னு செஞ்சாக. நாங்களா ஒரு பட்டுக்கரை வேட்டி எடுத்துக் குடுத்தோம்."

"பாங்கி ஆட்களுக்கு?"

"முறையா எல்லாருக்கும் செஞ்சிருக்கோம் சார். பேங்க நடத்துற ஏஜெண்டு, டைரக்டருக, கேஷியரு, எல்லாரும் நம்ம வீட்டுலதான் கை நனைச்சாக."

"எல்லோருமா?"

"ஒருத்தர் பாக்கியில்ல. ஏஜெண்டு மட்டும் வேணாம் வேணாம்னு கூச்சப்பட்டாரு. நாந்தான் கையப் பிடிச்சு உக்கார வச்சேன். பெறகு அவரே ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாரு."

நான் சொன்னதில் ஒரு பொய் உண்டா மச்சான்? வைகாசியில் சம்பந்தம் உறுதியான அன்றைக்கு, அதுவரை நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மாப்பிள்ளை வீட்டார் பாங்கிக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, இலை போட்டுக் கை நனைத்தார்களே, நீங்கள்கூட அவியலில் உப்பு கம்மி என்று சொல்லி உங்கள் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே. அதைத்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "உங்களைப்போல ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவரை நான் பார்த்ததே இல்லை" என்றார். அன்றைக்கு ராத்திரி நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஏஜெண்டுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆர்டர் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை பாங்கிப் பக்கமே வரக்கூடாதாம். காரணம், 'வெளியார் செல்வாக்கு, லஞ்சம்'. நான் அத்தனை நல்ல விதமாகச் சொல்லியும் இப்படி நடக்கிறதென்றால் இதில் எதிர்க்கட்சிக்காரன் கை இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். மாப்பிள்ளையின் தாயார் தங்கம்மாள் வந்து, "வேலை இல்லாதவனுக்கு எப்பிடிண்ணே தாலி எடுத்துக் குடுக்க? ஆவணி வேணாம், தையில பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலிலேயே நின்று சொன்னாள், காப்பிகூடக் குடிக்கவில்லை. தை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கஸ்தூரி அழுதுகொண்டே இருக்கிறாள். எடுத்து வைத்த கூறைச்சேலையை அவளே பெட்டிக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து கடையில் எடையே சரியாகப் போடமுடியவில்லை மச்சான்.

ஆகவே நீங்கள் உடனே அந்தப் பெரிய பாங்கியின் ஹெட் ஆபீசுக்குப் போய், நமக்கும் கட்சிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்று அடித்துச் சொல்லவும். சிபாரிசு இருப்பவனுக்குத்தான் வேலை என்பது பெரிய அக்கிரமம், அதையும் சொல்லவும். போகும்போது நல்ல சிபாரிசாக ஒன்று பிடித்துக்கொண்டு போகவும். மந்திரி கிடைக்காவிட்டால் மந்திரியின் டிரைவரானாலும் பரவாயில்லை.

அக்காளுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். அங்கே குழாயில் தண்ணீர் வருவதாகக் கேள்விப்பட்டு சந்தோஷம், இங்கே கண்மாயில் ஆடு மேய்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
தனுஷ்கோடி

பின்குறிப்பு, ஆனி 24: மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். தபாலில் போடுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. நேற்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் இன்னும் சில கேள்விகளோடு வீட்டுக்கே வந்தார். உங்கள் தங்கைக்கு வந்ததே கோபம். "எம்மக வாழ்க்கைய எழுதி அழிக்கிறதுக்கு முன்னால ஒரு வாய் சாப்பிடுங்க. சம்பந்தம் பேசினா நாங்க இப்பிடித்தான் சோறு போடுவோம், இதுக்குப் பேருதான் கை நனைக்கிறது" என்று இலையைப் போட்டுவிட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார், புரையேறித் தலையில் தட்டவேண்டியதாயிற்று. எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை. பம்பாய்க்காரருக்கு நம் ரசம் புதிது போல. சாயங்காலமே இரண்டு ஆர்டரையும் ரத்து செய்துவிட்டார். தங்கம்மாளும் வந்து காப்பி குடித்துவிட்டு ஆவணியே இருக்கட்டும் என்றாள். கஸ்தூரி கூறைச்சேலையை மேலே எடுத்து வைத்தாள்.

நன்றி சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று உடனே ஹெட் ஆபீசுக்கு ஒரு தந்தி கொடுத்தேன். வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் சாப்பாடு, இலை, ரசம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாக, 'இன்ஸ்பெக்டரும் கை நனைத்தார், காரியம் முடிந்தது, நன்றி, தனுஷ்கோடி' என்று சொன்னேன். தந்தி மாஸ்டர் அதை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே அடித்து அனுப்பினார். மதிப்புத் தெரிந்த மனிதர்கள், இன்று காலையிலேயே பதில் வந்துவிட்டது. பெரிய அதிகாரிகள் மூன்று பேர் நேரில் வருகிறார்களாம், நானும் இன்ஸ்பெக்டரும் ஊரைவிட்டு எங்கேயும் போகக்கூடாதாம். மூன்று பேருக்கும் நம் வீட்டில்தான் இலை என்று சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் மட்டும் லாட்ஜ் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாடு அனுப்பினாலும் திருப்பிவிடுகிறார். என் தந்தியின் நகலைக் கஸ்தூரியிடம் காட்டினேன். படித்துவிட்டு மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை சந்தோஷத்தில்தான்.