ராஜா எறிந்த ஈட்டி

மரத்தின் இலை மறுபடியும் தொங்கிவிட்டது.

வொலெரோ ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தான். கையை எடுத்ததும் அது பழையபடி விழுந்தது.

அது சாதாரண மரமாக இருந்திருந்தால் அவன் சாப்பிடப் போயிருப்பான். ரோமை உண்டாக்கிய ரோமுலஸ் ராஜா முன்னொரு காலத்தில் எதிர்க்குன்றில் நின்று ஓர் ஈட்டியை எறிந்தார். அது பறந்து வந்து இந்தப் பாலத்தீன் குன்றில் குத்தி நின்றது. பத்து ஆட்கள் இழுத்தும் வரவில்லை. பிறகு துளிர்த்து மரமாகிவிட்டது. அது பச்சையாக இருக்கும்வரை ரோமுக்குக் கேடில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். சுற்றிலும் மதில் கட்டி, ஒரு காவலாளியையும் போட்டிருந்தார்கள். அந்தக் காவலாளிதான் வொலெரோ. மதிலை ஒட்டியிருந்த வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும்.

"வேர் அழுகுதுங்க. தண்ணி ஜாஸ்தி" என்றாள் அவன் மனைவி ட்ரெபியா.

"தெரியும்."

"தெரிஞ்சா, ஊத்தாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாருகிட்ட? இந்தத் தெருகிட்டயா? ராஜா மரத்துக்குத் தண்ணி வேணாம்னு சொன்னா என்னை ஆத்துல தூக்கிப் போட்டுடுவாங்க."

மரம் வாடியதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் "தண்ணீ!" என்று கத்த வேண்டும். கேட்டவர்கள் வாளியோடு ஓடி வர வேண்டும். அதுதான் வழக்கம். மலையடி ஊற்றுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர ட்ரெபியாவுக்குக் காலைப்பொழுதில் பாதி போய்விடும். மரத்துக்கு என்றால் மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்த வாளிகள் வந்து நிற்கும். ராஜா மேல் இந்தத் தெருவுக்கு அவ்வளவு பக்தி.

மறுநாள் ஊர் பிறந்த நாள். தலைமைப் பூசாரி மரத்துக்குப் பூசை செய்ய வருவார். அதுவரை ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொண்டால் மரம் கொஞ்சம் நிமிரும் என்று வொலெரோ கணக்குப் போட்டான். அதற்குள் யாரும் பார்த்துவிடக் கூடாது.

கம்பளி நூலை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினான். தொங்கிய கொப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து மேலே கட்டினான்.

"என்னண்ணே, மரத்தைக் கட்டிப் போடறீங்க? ஓடிப் போயிடுமா?"

கீழே ரொட்டி சுடும் ருஸ்கா நின்றிருந்தான்.

"திருவிழா அலங்காரம்ப்பா."

"அலங்காரமா? இலையெல்லாம் என் மாமனார் காது மாதிரி தொங்குது!" ருஸ்கா திரும்பித் தெருவைப் பார்த்துக் கத்தினான். "தண்ணீ! ஓடியாங்க! தண்ணீ!"

வொலெரோ இறங்குவதற்குள் வாளிகள் வந்துவிட்டன. வழக்கம்போல முதல் வாளி எதிர்வீட்டு வீபியாவுடையது. ஊற்றிவிட்டு எல்லோரும் திருப்தியாகப் போனார்கள். வொலெரோவின் கால் கணுக்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது.

அடுத்ததாக ஒரு போர்வையை எடுத்து மரத்தின் மேல் போட்டான்.

"குளிர் அடிக்குதுன்னு சொல்லிக்கலாம்" என்றான்.

"சித்திரை வெயில்லயா?" என்றாள் ட்ரெபியா.

பேச்சு முடியவில்லை, தெருமுனையில் ஓர் ஓலம் கேட்டது. "ஐயோ, மரம் செத்துப் போச்சு! துணி போட்டு மூடிட்டாங்க!"

சாவு வீட்டுக்குக் குழல் ஊதுகிறவன் கூப்பிடாமலே வந்து ஊத ஆரம்பித்தான். ஒப்பாரிக்காரி ஒருத்தி தலையை விரித்துப் போட்டாள். வொலெரோ போர்வையை இழுத்தெறிந்தான். "சாகல! உயிரோடதான் இருக்கு!"

"அப்போ இன்னும் காப்பாத்தலாம்! தண்ணீ!" என்று கூட்டம் கத்தியது. மறுபடியும் வாளிகள் வந்தன. கூலி கிடைக்காத குழல்காரன் மட்டும் முறைத்துக்கொண்டு போனான்.

வொலெரோ மதில்மேல் ஏறி நின்றான். இனி ஒரு வழிதான் இருந்தது.

"நிறுத்துங்க! நேத்து ராஜா என் கனவுல வந்தாரு. தண்ணி வேண்டவே வேண்டாம்னுட்டாரு!"

கூட்டம் அடங்கியது.

"உங்க கனவுலயா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையாமா அவருக்கு?" என்றான் ருஸ்கா.

"காவலாளி நான்தானே?"

"சரி, தண்ணி வேணாம்னா வேற என்ன கேட்டாரு? சும்மாவா அவ்வளவு தூரம் வந்தாரு?"

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பால்" என்றான் வொலெரோ. "ஒரே ஒரு சொட்டு."

ட்ரெபியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஓநாய்ப்பால் குடிச்சு வளர்ந்த ராஜாவாச்சே, பால்தானே கேப்பாரு!" என்று ஒரு கிழவர் அழுதுவிட்டார். இருட்டுவதற்குள் குன்றில் இருந்த ஆட்டுப்பால் முழுவதும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. சேறு வெள்ளையானது. ஈ மொய்த்தது. ரோமின் பூனைகள் எல்லாம் மதில் தாண்டிக் குதித்தன.

காலையில் தலைமைப் பூசாரி தினை அப்பத்தோடு வந்தபோது வாடை அவரை வாசலிலேயே நிறுத்தியது. மூக்கை மூடிக்கொண்டு உள்ளே காலை வைத்தார். கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. மரத்தின் இலைகள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேல்கொப்பில் ஒரு பூனை உட்கார்ந்து அவரை உற்றுப் பார்த்தது.

"யார் இங்கே காவல்?"

வொலெரோ அவர் காலடிச் சேற்றில் மண்டியிட்டான்.

"நான்தான் சாமி. வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிடறேன். ராஜா கனவுல வரல. மரத்துக்குத் தாகமும் இல்ல. வேர் தண்ணிலயே கிடந்து அழுகுது. இன்னும் ஒரு மாசம் இப்படி ஊத்தினா மரம் இருக்காது."

பூசாரி ஒற்றைக் காலில் நின்றபடி, வாளிகளோடு நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இது என்ன?" என்று மரத்தைக் காட்டிக் கேட்டார்.

"ராஜா மரம், சாமி."

"மரமா? இது ஈட்டிடா, ஈட்டி! போர்வீரன் எவனாவது ஈட்டியைத் தண்ணில ஊறப் போடுவானா?"

"இன்னியிலேர்ந்து மழையைத் தவிர ஒரு சொட்டு இங்க விழக் கூடாது. ஊத்தறவனுக்குச் சவுக்கடி. காவலாளி சொல்றதுதான் இங்க சட்டம். வேலையும் வீடும் அவனுக்கே இருக்கட்டும்."

ட்ரெபியா ஓடிவந்து, சேற்றோடு அவனைக் கட்டிக்கொண்டாள். வொலெரோவுக்குக் கண் கலங்கியது. மரம்கூடக் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி அவனுக்குத் தோன்றியது.

ஆனால் தெருவில் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எல்லோரும் கையில் இருந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வீபியாதான் வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் சரி சாமி. அப்போ துணி அலசின தண்ணியை இனிமே தினமும் மலையிறங்கிப் போயா கொட்டிட்டு வரணும்?"