மேவிஸ் அக்காவின் எட்டுக் கட்டளைகள்

ஹார்லோ க்ரீக், கென்டக்கி
ஏப்ரல் 26, சனிக்கிழமை

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு, தம்பி வெர்னன் எழுதுவது. இங்கே நானும் மகள் கொரினும் சுகம். அங்கே உன் சுகத்தை விசாரித்து எழுதுவதுதான் முறை. இன்றைக்கு அதை விசாரிக்கும் நிலையில் நான் இல்லாததால், நீ சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "மூச்சை இழு வெர்னன், நாலு வரைக்கும் எண்ணு" என்று ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வருஷம் நடந்தது உனக்குத் தெரியும். மைதானத்தில் கோஷம் போட்டுக் கரணம் அடிக்கிற பள்ளிக்கூட சியர்லீடிங் அணிக்கு ஆள் எடுத்த அன்று கொரின் நடுவர்கள் முன்னால் போய் நின்றாள், இரண்டு கையையும் மேலே தூக்கினாள், அதற்கப்புறம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் தூக்கிய கையோடு நின்றுவிட்டு, அப்படியே வெளியே நடந்து வந்து என் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் பேச்சே இல்லை. வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் தனியாகக் கரணம் போடும்போது பார்க்கிறவன் வாயைப் பிளப்பான், ஆனால் நாலு பேர் பேனாவும் கையுமாக எதிரில் உட்கார்ந்தால் பிள்ளை கல்லாகிவிடுகிறாள். இந்த வருஷமும் அணித் தேர்வுத் தேதியைப் பலகையில் ஒட்டின அன்றைக்கே வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்துப் பயந்துதான், ஐம்பத்தொரு வருஷமாக உன் பேச்சைக் கேட்காமல் நன்றாக இருந்தவன் இந்தத் தடவை கேட்டேன். அது என் தப்பு. மற்றதெல்லாம் உன் தப்பு.

மன அமைதி வகுப்புக்கு எட்டு வாரம் போய்விட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால் லெக்ஸிங்டனிலிருந்து வந்து இறங்கினாய். எட்டுக் கட்டளைகளை எழுதி என் ஃப்ரிட்ஜில் ஒட்டினாய். இறைச்சி கூடாது, வாழைப்பழமும் ஓட்ஸும்தான். தலையணையில் லாவெண்டர் எண்ணெய். நாலு எண்ணி மூச்சை இழு, ஏழு எண்ணிப் பிடி, எட்டு எண்ணி விடு. மனசுக்குள் ஓர் ஏரியை நினைத்துக்கொள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. முதல் கட்டளை என்ன? தேர்வு முடியும்வரை இந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தக்கூடாது. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் கொரின் பேசுவதே இல்லை. அப்புறம் "யாரும்" என்றால் யார்? பேரைப் போட்டே எழுதியிருக்கலாமே அக்கா.

இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய் டாங்க்கில் கேஸ் நிரப்புகிற லாரி ஓட்டுகிறவன் நான். பம்பு போடுகிற சத்தத்துக்கு மேல பேசிப் பேசி, என் சாதாரணக் குரலே மூணாவது வீட்டுக்குக் கேட்கும். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் குறை சொன்னதில்லை. டாங்க்கை நிரப்பிட்டு வாசலிலிருந்தே "முடிஞ்சுது மிஸஸ் டாக்கெட்"னு ஒரு சத்தம் குடுப்பேன், அந்தம்மா சமையலறையிலிருந்து கையைக் காட்டுவாங்க, நான் கிளம்பிடுவேன். வீட்டுல மட்டும் மெதுவாப் பேசினா பழக்கம் வராது, வெளியிலயும் அப்படியே பேசுன்னு நீ சொன்னதைக் கேட்டு, ஒரு நாள் அந்தம்மா வீட்டுப் படியேறிப் போயி, தொப்பியைக் கழட்டி, மெதுவா, "மிஸஸ் டாக்கெட், டாங்க் நல்லா இருக்கு, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க"ன்னேன். அந்தம்மா என் மூஞ்சியையே பார்த்தாங்க.

"வெர்னன், ஏன் இப்படிப் பேசற?"

"எப்படிப் பேசறேன்?"

"எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு? அதை மட்டும் சொல்லிடு."

ரெண்டு நாயையும், கிரீம் தடவிக்கிட்டு இருந்த கேக்கையும் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிட்டாங்க. தீயணைப்பு வண்டி ரெண்டு வந்துது. தெருவையே காலி பண்ணினாங்க. அரை மணி நேரம் டாங்க்கைச் சுத்திச் சுத்தி மோந்து பார்த்தாங்க. கசிவே இல்லைன்னு நான் சொல்றேன், மெதுவாத்தான் சொல்றேன், எவ்வளவு மெதுவாச் சொல்றேனோ அவ்வளவுக்கு அவங்க சந்தேகப்படறாங்க. கம்பெனியில என்னை விளக்கம் எழுதித் தரச் சொன்னாங்க. என்னத்தை எழுத? எங்க அக்கா மெதுவாப் பேசச் சொன்னாங்கன்னா?

அந்த மூச்சு விவகாரம் இன்னொண்ணு. தனியாச் செய்ய கொரினுக்கு வெட்கமாம், அதனால நானும் கூடச் செய்யணும்னு சொல்லிட்டுப் போனே. ஈஸ்டர் அன்னைக்குச் சர்ச்சுல போதகர் ஜெபம் பண்ணும்போது ரெண்டு பேரும் செஞ்சோம். நான் எட்டு எண்ணி விட்ட மூச்சு மொத்தமும் முன் வரிசையில இருந்த பல் டாக்டர் மனைவியோட கழுத்துல போயிருக்கு. அந்தம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்துட்டு, அடுத்த பாட்டுக்கு எழுந்தப்ப வேற வரிசைக்கே போயிட்டாங்க. ட்ரூடி செத்து நான் தனியாளாகி நாலு வருஷமாச்சு, இந்த ஊர்ல என் மேல இதுவரைக்கும் ஒரு பேச்சு கிடையாது. இப்ப இருக்கு.

சரி, இவ்வளவையும் பொறுத்துக்கிட்டேன், பிள்ளைக்கு நல்லது நடந்தாச் சரின்னு. நடந்துதா? அவ நாளுக்கு நாள் இளைச்சா. வாழைப்பழத்தை அப்படியே தட்டுல வெச்சுட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருப்பா. சொல்லாமலே பாத்திரம் கழுவினா. துணியெல்லாம் மடிச்சு வெச்சா. ஒரு நாள், "அப்பா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டா. உன் கட்டளைப்படி மெதுவா, "ஒண்ணுமில்லடா கண்ணு"ன்னு சொன்னேன். கண்ணுன்னு நான் என் ஜென்மத்துல யாரையும் கூப்பிட்டதில்லை. அவ முகம் வெளுத்துப்போச்சு. தேர்வுப் பயம்தான்னு நினைச்சுக்கிட்டேன். நான் ஒரு மடையன். நீ அதுக்கும் மேல.

முந்தாநாள் வியாழக்கிழமை நாலு மணிக்குத் தேர்வு. ஜிம் கதவுக் கண்ணாடியில உள்ளே தெரியாதபடி காகிதம் ஒட்டியிருந்தாங்க, பெத்தவங்க எல்லாம் வராந்தாவுல நின்னோம். கொரினுக்கு இருபத்து மூணாம் நம்பர். பதினெட்டு கூப்பிட்டதும் கோச் பிரீஸ் வெளியே வந்தாங்க. இத்தனூண்டு பொம்பளை, விசில் கழுத்துல.

"மிஸ்டர் ஸ்டிடம், உங்க பொண்ணு உடை மாத்தற அறையில தாப்பா போட்டுக்கிட்டா. நான் கூப்பிட்டும் வரல. இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. நீங்க வந்து பேசுங்க."

மத்தப் பொண்ணுங்களை வெளியே அனுப்பிட்டு என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் அந்தக் கதவு முன்னால நின்னு, சட்டைப் பையிலிருந்து உன் காகிதத்தை எடுத்தேன். ஆமா, மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். மெதுவாப் படிச்சேன். "கொரின், ஓர் ஏரியை நினைச்சுக்கோ. தண்ணி அசையாம இருக்கு." உள்ளே அழுகை அதிகமாச்சு. "கரையில காத்து வீசுது"ன்னேன். இன்னும் அதிகமாச்சு. அப்புறம் கதவுக்குப் பின்னால இருந்து கேட்டா, அக்கா, எப்படிக் கேட்டான்னு உனக்கு எழுதறதுக்கே எனக்குக் கை வரல.

"அப்பா, டாக்டர் உங்களுக்கு எத்தனை மாசம்னு சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"மறைக்காதீங்கப்பா. மூணு வாரமா நீங்க கத்தவே இல்ல. கடைசியா நீங்க இப்படி மெதுவாப் பேசினது அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப. அப்பவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னீங்க. அத்தை வேற வந்து ஃப்ரிட்ஜுல சத்தம் போடக்கூடாதுன்னு ஒட்டிட்டுப் போறாங்க. எனக்குத் தெரியாதா?"

மூணு வாரமா அந்தப் பிள்ளை என்னைப் புதைச்சுக்கிட்டு இருந்திருக்கா அக்கா. சாப்பிடாததும் இளைச்சதும் அதுக்குத்தான். தேர்வை அவ நினைக்கக்கூட இல்லை.

அப்புறம் நான் கத்தினேன். இருபத்தாறு வருஷத்துல எந்தப் பம்புக்கு மேலயும் அப்படிக் கத்தினதில்லை. எனக்கு ஒரு எழவும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன், உங்க அத்தை ஒருத்தி வேலையத்துப் போயி வகுப்புக்குப் போனதால நான் வாழைப்பழம் தின்னு தின்னு சாகறேன், வேற எதாலயும் சாகல, தீயணைப்பு வண்டி வந்துது, சர்ச்சுல என்னைப் பொறுக்கின்னு நினைக்கறாங்க, ஏரியாம் ஏரி, அந்த ஏரியில உங்க அத்தையைத்தான் தள்ளணும், மரியாதையாத் தாப்பாளை எடுடின்னேன். ஜிம்முல ஓடிக்கிட்டு இருந்த பாட்டு நின்னுபோச்சு. கோச் பிரீஸ் சுவத்தோட சுவரா ஒட்டி நின்னாங்க.

உள்ளே அழுகை நின்னுது. அப்புறம் சிரிப்புச் சத்தம். மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிக்கறா. தாப்பாளை எடுத்துட்டு வந்து நின்னா, மூஞ்சியெல்லாம் மையும் கண்ணீருமா.

"நெஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"உனக்கு இன்னொரு தடவை கத்திக் காட்டணுமா?"

"வேண்டாம்பா. ஜன்னல் உடைஞ்சுடும்." கோச்சைப் பார்த்து, "நான் ரெடி"ன்னா.

என்னை வராந்தாவுலகூட நிக்க விடல, வண்டி நிறுத்தற இடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. அங்கிருந்தே கேட்டுது. செங்கல் சுவரைத் தாண்டி, ரெண்டு கார் வரிசையைத் தாண்டி, எங்க பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லி ஒரு பொண்ணு கோஷம் போடறா. அது யார் குரல்னு பக்கத்துல இருந்த ஒரு அம்மா கேட்டாங்க. ட்ரூடிக்கு அவ்வளவு மெல்லிசுக் குரல். இது என்னோடது.

பின்பக்கக் கரணத்துல முட்டி தரையில பட்டுடுச்சாம். எழுந்து விட்ட இடத்திலிருந்து முடிச்சிருக்கா. சாயங்காலம் பட்டியல் வந்துது. இருபத்து மூணு இருந்துது.

ஆகவே அக்கா, என் முடிவைத் தெளிவாக எழுதுகிறேன். உன் காகிதத்தைக் கிழித்தாகிவிட்டது. இனி என் மகளுக்கு ஆலோசனை என்று நீ ஒரு வார்த்தை அனுப்பக்கூடாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் இந்த வீட்டுப் பக்கம் வரவும் வேண்டாம். இந்த வீட்டில் யாருக்கும் பதற்றம் கிடையாது. எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, கொரினுக்கு இருந்தது போய்விட்டது. நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டு, பன்றி இறைச்சி தின்றுகொண்டு நன்றாகத்தான் இருப்போம்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லு. அவருடைய இடுப்பு வலி தேவலையாகக் கடவுள் அருளட்டும். உனக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், அங்கேயே லெக்ஸிங்டனில்.

கோபத்துடன்,
உன் தம்பி வெர்னன்

பி.கு. இன்று திங்கட்கிழமை. தபால்தலை இல்லாததால் இந்தக் கடிதம் இன்னும் போகவில்லை. இன்னைக்கு முதல் பயிற்சி, கொரினைக் கூட்டிவரப் போயிருந்தேன். கதவு திறந்திருந்துது. அக்கா, அவளைத்தான் உச்சியில நிக்க வெச்சிருக்காங்க. கீழே மூணு பொண்ணுங்க, அவங்க கையில இவ பாதம், ஒத்தக் காலுல நிக்கறா. நான் லாரிக்கு வந்து நாலு, ஏழு, எட்டுன்னு மூச்சை எண்ணிக்கிட்டு உட்கார்ந்தவன், அவ வந்து ஜன்னலைத் தட்டற வரைக்கும் எழுந்திருக்கல. ராத்திரிச் சாப்பாடு இறங்கல. முதல் போட்டி அக்டோபர்லதான், இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, நான் தாங்க மாட்டேன். அவகிட்ட நான் கத்திக்கிட்டேதான் இருக்கணும், இல்லேன்னா பயந்துக்குவா. எங்கிட்ட மெதுவாப் பேசத்தான் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமையே கிளம்பி வந்துடு.