பலகையை இரண்டு முறை படித்தேன்

அன்பும் அறிவும் நிறைந்த (அறிவு கொஞ்சம் கூடுதலாகவே நிறைந்த) தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருக்கு இடது முழங்காலில் வலி, எனக்கு இரண்டு முழங்காலிலும் வலி. என் வலிக்கான காரணம் பின்னால் வரும். உங்கள் வீட்டில் எல்லோரையும் வயது வரிசைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். கடிதம் என்றால் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஜெயித்துவிட்டேன். இனி நிம்மதியாகப் படி.

வீட்டில் திறந்தால் மூடாத என் வாய், குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மூடினால் திறக்காது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆறு வருஷமாக மோட்டார் எப்போது போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள், எங்கள் குழாய் எத்தனை மணிக்கு இருமிவிட்டு நின்றது என்று தினமும் நோட்டில் எழுதிவருகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, ஆனால் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நோட்டின்படி முன்பக்கக் கட்டடத்துக்கு, அதாவது செயலாளர் குடியிருக்கிற கட்டடத்துக்கு, தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் தண்ணீர். பின்பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு நாற்பது நிமிஷம். இதைச் சொல்ல மூன்று கூட்டத்தில் எழுந்து நின்றேன். மூன்றிலும் "அது வந்து..." என்பதோடு உட்கார்ந்துவிட்டேன். அன்று முதல் செயலாளர் எனக்கு வைத்திருக்கும் பெயர் அதுவந்தம்மா. படியில் எதிர்ப்பட்டால் "என்ன அதுவந்தம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல், தானே சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த மாதம் அந்த நாற்பதையும் இருபதாகக் குறைக்கத் தீர்மானம் கொண்டுவருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்களுக்கு மேலே நாலாவது மாடியில் ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள், வயிற்றில் ஏழு மாதம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வருவதற்குள் தண்ணீர் நின்றிருக்கும். கீழே தொட்டியில் பிடித்து, கைக்கு ஒரு வாளியாக நாலு மாடி ஏறுவாள். நான் ஒரு வாளியைப் பிடுங்கிக்கொண்டு கூட ஏறினேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, "அக்கா, எல்லாம் நீங்க எழுதி வெச்சிருக்கீங்கல்ல, இந்த தடவையாவது சொல்லிடுங்க" என்றாள். "நீயே சொல்லேம்மா, நோட்டைத் தர்றேன்" என்றேன். "அன்னைக்கு எனக்கு டியூட்டிக்கா" என்றாள். இருபது நிமிஷம் என்றால் அவள் பிள்ளை பெற்று வந்த பிறகும் வாளியோடு படியேற வேண்டியதுதான்.

அதிலிருந்துதான் கூட்டக் கனவு வர ஆரம்பித்தது. நான் எழுந்து நிற்பேன், வாயைத் திறப்பேன், காலிக் குழாய் மாதிரி 'புஸ்' என்று காற்று மட்டும் வரும். அதை உன்னிடம் புலம்பப்போய்த்தான் நீ அந்தப் பத்திரிகைப் பக்கங்களை வெட்டி அனுப்பினாய். கனவுக்குள் இருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொண்டால் அதில் நாம் வைத்ததுதான் சட்டமாம், பறக்கக்கூடச் செய்யலாமாம். எனக்குப் பறக்க வேண்டாம், பேசினால் போதும். கனவில் ஒருமுறை பேசிப் பழகிவிட்டால் நேரில் வந்துவிடாதா என்ற கணக்குத்தான். ஆண்டவனிடம் அனுமதி கேட்டேன்; அவர் தடை ஒன்றும் சொல்லாததால் ஆரம்பித்துவிட்டேன்.

புது நோட்டு போட்டு, தேதி, கனவு, வந்தவர்கள், 'கனவென்று தெரிந்ததா' என்று நாலு கட்டம் போட்டேன். பதினோரு நாள் கடைசிக் கட்டத்தில் 'இல்லை'. அந்தப் பக்கங்களில் ஒரு சோதனை இருந்ததே, ஏதாவது எழுத்தைப் படித்து, கண்ணை எடுத்து, மறுபடி படித்தால் கனவில் அது மாறியிருக்கும் என்று? விழித்திருக்கும்போதே அதைப் பழக வேண்டுமாம். சரியென்று அதை நோட்டில் எழுதிக்கொண்டு, சோப்பு உறை, காலண்டர், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் இரண்டிரண்டு முறை படித்தேன். பஸ் பலகையை இரண்டாம் முறை படிப்பதற்குள் பஸ் போய்விட்டது. உன் அத்தான், "என்னம்மா, எழுத்து மறந்துபோச்சா?" என்றார். "இல்லைங்க, இது கனவான்னு பாக்குறேன்." "நான் பக்கத்துல இருக்கேன்ல, அப்புறம் எப்படி இது கனவா இருக்கும்?" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை என்பதால் அதையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள், மத்தியானம் சற்றே கண் அசந்தேன். சமையலறையில் நிற்கிறேன். ஒரு டப்பாவில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருக்கிறது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் 'சனிக்கிழமை'! பிடிபட்டுவிட்டது, தங்கச்சி! "கனவுதான்!" என்று கத்தினேன், கத்திய கத்தில் விழித்துவிட்டேன். மொத்தம் மூன்று விநாடி. புதிதாகப் பழகுகிறவர்கள் இப்படித்தான் சந்தோஷத்தில் விழித்துவிடுவார்கள், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டால் கனவு நிற்கும் என்று அதே பக்கத்தில் கீழே போட்டிருக்கிறது. நான் அதுவரை படிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் மத்தியானம் மறுபடி அதே சமையலறை, அதே சனிக்கிழமை டப்பா. இந்த முறை வாயை மூடிக்கொண்டு கையைத் தேய்த்தேன். அடடா, எப்படிச் சொல்வேன்! கலங்கிய தண்ணீர் தெளிகிற மாதிரி எல்லாம் தெளிந்தது. டப்பா மூடியில் என் முகம் தெரிந்தது, தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது, ஜன்னல் வெயிலில் தூசி ஒவ்வொன்றாக மிதந்தது. இத்தனையும் நான் படுத்துக்கொண்டே செய்தது என்று எனக்கே தெரிகிறது! வேறு யாராவது என்றால் அந்த ஜன்னல் வழியாகப் பறந்திருப்பார்கள். நான் திரும்பிப் பார்த்தால் தொட்டி நிறைய எச்சில் பாத்திரம். கனவு என்பதற்காக அப்படியே போட்டுவிட்டுப் போக முடியுமா? தேய்க்க உட்கார்ந்தேன். தேய்க்கத் தேய்க்கப் பாத்திரம் கூடிக்கொண்டே வந்தது, ஆனால் குழாயில் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. பாத்திரத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. நாலாவது கட்டத்தில் 'ஆம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

ஆனால் கூட்டக் கனவு மட்டும், வேண்டாம் என்றபோது தினமும் வந்தது, வேண்டும் என்றபோது வரவில்லை. ஒத்திகை நடப்பதற்குள் நிஜக் கூட்டம் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணி, சைக்கிள் நிறுத்துகிற கீழ்த்தளம். உன் அத்தான் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க முன்னாடியே போய்விட்டார். அவர் கூட்டத்துக்குப் போவதே தூங்கத்தான். நான் போனதும், பழக்கதோஷம், கரும்பலகையைப் படித்தேன்: 'பின்பக்கக் கட்டடத்துக்கு 20 நிமிடம்'. பின்வரிசை மேஜையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உன் அத்தான் அப்போதுதான் எங்கேயோ போய்விட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார். நான் மறுபடி பலகையைப் படித்தேன்: 'பின்பக்கக் கட்டடத்துக்கு 200 நிமிடம்'.

எழுத்து மாறிவிட்டது! அப்படியானால் இது கனவு! பதினெட்டு நாளாகக் காத்திருந்த கூட்டக் கனவு! சந்தோஷப்படாமல் உள்ளங்கையைத் தேய்த்தேன். எல்லாம் தெளிந்தது. எழுந்து நின்றேன்.

"என்ன அதுவந்தம்மா? உக்காருங்க, கடைசியில பேசலாம்."

"நீங்க உக்காருங்க தம்பி. இது என் கனவு."

செயலாளர் உட்கார்ந்துவிட்டார். நான் நோட்டைத் திறந்தேன். ஆறு வருஷத்துக் கணக்கும் குழாயைத் திறந்த மாதிரி வந்தது, தங்கச்சி, ஒரு தேதிகூடத் திக்கவில்லை. "போன மாசம் ஒன்பதாம் தேதி முன்பக்கத்துக்கு ரெண்டு மணி நேரம், எங்களுக்குப் பதினெட்டு நிமிஷம். அன்னைக்கு உங்க கார் ரெண்டு தடவை குளிச்சுது, நாலாவது மாடிப் பொண்ணு ஒரு தடவைகூட குளிக்கல. ஏழு மாசக்காரி. வாளியை நீங்க தூக்குறீங்களா?" என்றேன். முன்பக்கத்துக்காரர்களே தலை குனிந்தார்கள். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு ஆசை வந்துவிட்டது. வந்ததுதான் வந்தோம், பறந்தும் பார்த்துவிடலாம் என்று நாற்காலிமேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து, ஆண்டவனே என்று குதித்தேன்.

முழங்கால் வலிக்குக் காரணம் அதுதான்.

நான் தரையில் கிடந்தபடியே இது நிஜம் என்று புரிந்துகொண்டிருந்தபோது, மேலே ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு கட்டடத்துக்கும் சரிபாதி, ஆளுக்கு எழுபது நிமிஷத்துக்கு மேல்! "அப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று செயலாளர் மோட்டார் அறைச் சாவியை மேஜையில் எறிந்தார். அதை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இப்போது உன் அக்காதான் செயலாளர். இன்று காலை நாலாவது மாடியில் குழாய் ஓடுகிற சத்தம் என் வீட்டுக் கூரை வழியாகக் கேட்டது. பலகையில் எழுதிய காவலாளியை விசாரித்தேன், "அம்மா, நான் இருபதுன்னுதான் எழுதினேன்" என்று சத்தியம் செய்கிறார். அப்படியென்றால் அந்த ஒரு சைபர் ஆண்டவனே போட்டது. மனுஷ உதவி எனக்குக் கிடைக்கவில்லை. உன் அத்தான் நான் பேச ஆரம்பித்தபோதே கண்ணை மூடியவர், விழுந்த சத்தத்தில்தான் திறந்தார். முப்பத்தொரு வருஷம் ஒரு மரக்கட்டையோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

நீயும் உன் வீட்டாரும் குறைவில்லாமல், குழாயில் தண்ணீரும் வாயில் பேச்சும் நிற்காமல், நீடூழி வாழ ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா (செயலாளர்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன், கூட்டத்தன்று உன் அத்தான் போட்டிருந்த சட்டையை ஊறவைக்க எடுத்தேன். பையில் கட்டைவிரல் அளவு சாக்பீஸ் துண்டு. என் கனவு நோட்டை எடுத்துப் பார்த்தால், சோதனை எழுதியிருக்கிற பக்கத்தில் அவருடைய மூக்குப்பொடிக் கறை. மேலே மரக்கட்டை என்று எழுதிய வரியையும் சைபர் போட்டது யார் என்ற வரியையும் நீயே அடித்துவிடு. கடிதத்தில் அடித்தல் விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது. துண்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டி, "இது என்னங்க?" என்றேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"அது வந்து..."