படுத்தபடி பந்தாட்டம் பழக்கிய பிலாத்தண்ணை

உதைபந்தாட்டக்காரர்களைப் பாயில் படுக்கவைத்துப் பழக்கிய மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் பிலாத்தண்ணை ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

யுத்தத்துக்கு முன் அவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் இருந்தார். கடலில் குளிப்பவர்கள் மூழ்காமல் பார்த்துக்கொள்வது வேலை. அங்கே தங்க வந்த ஒரு ஜெர்மன்காரி அவருக்குப் பிலாத்தேஸ் என்ற தேகப்பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது பட்டணங்களில் பிலாட்டீஸ் என்கிறார்களே, அதுதான். யுத்தம் வந்தது, வெள்ளைக்காரர் போனார்கள், ஹோட்டல் மூடியது. அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்துக்குக் காவலாளியாக வந்து சேர்ந்தார். கூடக் கொண்டுவந்தது ஒரு பன்பாயும் பிலாத்தேசும்.

எங்கள் துறைமுக அலுவலக அணிக்குப் பயிற்சி தருகிறேன் என்று அவராகத்தான் வந்து நின்றார். அன்றைக்கே அவருக்குப் பிலாத்தண்ணை என்று பெயர் வைத்தவன் எங்கள் கோல்காப்பாளன் அந்தோனி.

"அண்ணை, பிலாத்து எங்கட ஆண்டவரைச் சாகக் குடுத்தவனெல்லே? அவன்ர பேரில ஒரு எக்சசைசோ?"

"அது வேற ஆள் தம்பி. இதைக் கண்டுபிடிச்சவர் ஆரையும் சாகக் குடுக்கேல்ல. நீ படு."

அவருடைய கொள்கை எளிமையானது. "ஓடிக்கொண்டே இருந்தாக் காலுக்குத்தான் பலம் வரும். இடுப்பும் நாரியும் என்ன செய்யும்? ஒருநாள் ஓட்டம், ஒருநாள் நீச்சல், ஒருநாள் பாய். எல்லாம் சேர்ந்தாத்தான் உடம்பு."

ஓட்டமும் நீச்சலும் எங்களுக்குப் பழகியவை. பாய்தான் கொடுமை. கிடந்த எங்களுக்கிடையே அவர் தவழ்ந்து வந்து வயிற்றில் இரண்டு விரலை வைப்பார். "தொப்புளை முதுகுக்கு இழு. மூச்சை விடு. இன்னும் விடு. பிடிச்சு வச்சிருந்து என்ன செய்யப்போறாய்?" அந்தோனி மூச்சோடு குறட்டையையும் சேர்த்து விடுவான்.

பிறகு கடற்கரையை மூடினார்கள். நீச்சல் போயிற்று. சந்திக்குச் சந்தி காவலரண் வந்தது. விடியற்காலையில் ஓடுகிற இளைஞனைக் கண்டு பந்தாட்டப் பயிற்சி என்று யாரும் நினைக்கும் காலமல்ல அது. ஓட்டமும் போயிற்று. மிஞ்சியது பாய். களஞ்சியத்தில் கோதுமை மா மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்துதான் மூதூர் அணியுடனான போட்டிக்குத் தயாரானோம். மூதூர்க்காரர் லோஞ்சுப் படகில் வந்திறங்கி, எங்களைத் தாராளமாகத் தோற்கடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

"ஆனா ஒருத்தனுக்கும் கால் பிடிச்சிழுக்கேல்ல, கவனிச்சனியளோ?" என்றார் பிலாத்தண்ணை.

கவனித்தோம். பந்துக்குக் கிட்டப் போனால்தானே கால் பிடித்திழுக்கும்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. எங்கள் பகுதி ஆண்கள் எல்லோரையும் மைதானத்தில் முழங்காலில் நிறுத்தினார்கள். கைகள் தலையில். அசையக்கூடாது என்பது உத்தரவு. வெயில் ஏற ஏற, எனக்கு முன்னால் இருந்த அந்தோனிக்குத் தொடை பிடித்துக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. எழும்பிவிடுவான் போலிருந்தது. எழும்பினால் என்ன நடக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பின்னாலிருந்து பிலாத்தண்ணையின் குரல் முணுமுணுத்தது. "அந்தோனி, எழும்பாதை. தொப்புளை இழு. வெளியால அசையாதை, உள்ளுக்க அசை. மூச்சை விடு. இன்னும் விடு."

அவன் முதுகு மெல்ல மெல்ல நேரானது. நானும் மூச்சை விட்டேன். அந்தக் குரல் காதில் விழுந்தவர்கள் எல்லோரும், பாயையே காணாதவர்களும்கூட, ஒன்றாக மூச்சு விட்டோம்.

குரல் ஒரு சிப்பாயின் காதிலும் விழுந்துவிட்டது. பிலாத்தண்ணையை எழுப்பி அதிகாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"என்ன ரகசியம் கதைக்கிறது?"

"ரகசியம் இல்லை, சேர். எக்சசைஸ்."

"செய்து காட்டு."

சுடுமணலில் மல்லாந்து படுத்தார். தலையையும் கால்களையும் தூக்கி, கைகளை நீட்டி மேலும் கீழும் அடித்து, எங்களுக்குப் பழக்கிய அத்தனையையும் அதே ஒழுங்கில் செய்தார். துவக்கோடு நின்ற சிப்பாய்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. அதிகாரி போதும் என்று சொல்லாமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் "பைத்தியம்" என்றார். "போ."

அவர் எழுந்து, சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, வந்து தன் இடத்திலேயே முழங்காலில் இருந்தார். பின்னேரம் எல்லோரையும் விட்டார்கள்.

மைதானத்துக்குக் கிட்ட என் வீடு. அவரையும் அந்தோனியையும் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பயப்பிடேல்லையோ அண்ணை?" என்று அந்தோனி கேட்டான்.

"எனக்கென்ன பயம்" என்று சொல்லிக் கோப்பையைத் தூக்கினார். கை நடுங்கி, தேத்தண்ணீர் மடியில் கொட்டியது. மற்றக் கையாலும் பிடித்துப் பார்த்தார். ஏலவில்லை. யாரோ பிறத்தியாருடைய கைகளைப் பார்ப்பதுபோல அவற்றையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்தோனி எழுந்தான். கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, கோப்பையை வாங்கி ஊதி ஆற்றி, அவர் வாயருகே பிடித்தான்.

"குடியுங்கோ அண்ணை."

அவர் குடித்து முடிக்கும்வரை நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.