ஸ்டாண்ட் இல்லாத சைக்கிளைத் திரும்ப எடுத்துச் செல்லக் கோரி அத்தானுக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வலது முழங்கையில் கட்டு போட்டிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் என்னைக் கடைக்கு இழுத்துப் போய், "இது கிராவல் பைக்டா. ஹேண்டில் நேரா இருக்கு, முதுகு வலிக்காது. வேலைக்கும் போகலாம், கல்லு முள்ளுலயும் போகலாம்" என்றவர் நீங்கள். ஸ்டாண்ட் எங்கே, மட்கார்டு எங்கே, கேரியர் எங்கே என்று நான் கேட்டதற்கு, கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்த மாதிரி சைக்கிளுக்கு அதெல்லாம் வைப்பதில்லையாம். எல்லா இடத்துக்கும் போகிற சைக்கிள் எந்த இடத்திலும் நிற்காது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாளே மழை விட்ட ரோடு. லேபுக்குள் நுழைந்தபோது என் வெள்ளைச் சட்டையில் இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரே சேற்றுக்கோடு. அதைக் கழுவுகிற அவசரத்தில் சைக்கிளை அலமாரியில் சாய்த்தேன். நாங்கள் பல் செட் செய்கிறவர்கள். அந்த அலமாரியில் இருந்தவை வாய் அச்சுகள். சைக்கிள் சரிந்தது, கூடவே அலமாரியும் சரிந்தது, இருபத்தேழு பேருடைய வாய் தரையில் சிதறியது. எந்த மேல்தாடை எந்தக் கீழ்த்தாடைக்கு என்று சாயங்காலம் வரை உட்கார்ந்து ஜோடி சேர்த்தேன்.

அதோடு விட்டதா? வியாழக்கிழமை, செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோகிற எங்கள் வேன் மக்கர் பண்ணியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பல் டாக்டரிடம் காத்திருக்கிறார், நாலு மணிக்குப் பழைய மாணவிகள் முன்னால் பேச வேண்டும், செட்டோ எங்கள் மேஜையில். "உங்க சைக்கிள்தான் எங்கயும் போகுமாமே" என்றார் முதலாளியம்மா. கால்வாய்க்கரைச் சரளைப் பாதையில் விரட்டினேன். வாத்துக் குடும்பம் ஒன்று குறுக்கே வந்தது. நீங்கள் வாய் ஓயாமல் புகழ்ந்த டிஸ்க் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் உடனே நின்றுவிட்டது, நான்தான் நிற்கவில்லை.

டப்பா திறந்து மேல் செட் புல்லில் கிடந்தது. கீழ் செட்டைச் சரளைக்குள் மண்டி போட்டுத் தேடினேன். கல்லும் பல்லும் ஒரே நிறம். என் கைவேலை அவ்வளவு இயற்கையாக இருப்பதற்காக, முப்பது வருடத் தொழிலில் அன்றுதான் வருந்தினேன், அத்தான். எப்படியோ கிடைத்தது, கீறல்கூட இல்லை. டாக்டர் நன்றாகக் கழுவிப் பொருத்தினார். அந்த அம்மா பேசிய முதல் வாக்கியம்: "சட்டையெல்லாம் ரத்தம் சொட்டுது, முதல்ல உட்காருங்க." செட் சரியாகப் பொருந்தாவிட்டால் 'ச' விசிலடிக்கும்; அந்த 'ச' துளி விசில் இல்லாமல் வந்தது. அதை ரசிக்க விடாமல் முழங்கை எரிந்தது. அதற்கும் நீங்களே பொறுப்பு.

ஆகவே வருகிற ஞாயிறு நேரில் வந்து இந்தச் சனியனை எடுத்துப் போகவும். அக்காவுக்கு என் அன்பும் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
உங்களை நம்பிய மைத்துனன்

பி.கு.: இதைத் தபாலில் போடத்தான் சைக்கிளை எடுத்தேன். பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. தாண்டி வந்துவிட்டேன். கால்வாய் ஓர் ஏரியில் போய் முடிகிறது அத்தான், யாரும் சொல்லவே இல்லையே. கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஞாயிறு வாருங்கள், இதை எடுத்துப் போக அல்ல, உங்கள் சைக்கிளோடு; இருவருமாக ஏரி வரை போவோம். அக்காவிடம் மட்டும் வேறு ஏதாவது சொல்லிவிட்டு வரவும்.